போதை இல்லை... சர்க்கரை! கையில் இருக்கட்டும் ஓர் அடையாளம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் வழியில் தள்ளாடி விழுந்தால், 'குடித்திருப்பார்' என்று விலகிப்போய்விடக் கூடாது. இன்சுலின் போடுபவருக்கு சர்க்கரை அளவு சட்டென்று குறைந்தாலும் பேச்சு குழறும், கால் தள்ளாடும். 'சர்க்கரை நோய், இன்சுலின்' என்று பொறித்த பிரேஸ்லெட் கையில் இருந்தால், 108 ஆம்புலன்ஸ் ஊழியருக்கு உடனே விஷயம் புரியும்.

1953-ல் அமெரிக்காவில் டெட்டனஸ் மருந்து ஒவ்வாமல் ஒரு சிறுமி சாவின் விளிம்புக்குப் போய் மீண்டாள். டாக்டரான அவள் அப்பா, 1956-ல் இதற்காகவே 'மெடிக்அலர்ட்' அமைப்பைத் தொடங்கினார்.

ஆனால், ஓடும் மெஷின் அருகே பிரேஸ்லெட்டும் செயினும் சிக்கிக்கொள்ளும், ஆபத்து. அங்கே வேலை செய்பவர்கள், நோய், ஒவ்வாத மருந்து, வீட்டு நம்பர் மூன்றையும் ஐ.டி. கார்டின் பின்னால் எழுதி வைக்கலாம். லாக் திறக்காமலே பார்க்கக்கூடிய 'எமர்ஜென்சி' தகவலிலும் இவற்றை இன்றே பதிந்துவிடுங்கள்!