பெயரைப் பறித்தவர் யார்?

ஜப்பானியர் மசாமுனே ஷிரோ 1989-இல் தொடங்கிய சித்திரக்கதையைத் தழுவி, 2017-இல் ஹாலிவுட்டார் எடுத்த 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தைக் கம்பைநல்லூரில் மாணவர் சிலரோடு கண்டோம். மூளை மட்டுமே எஞ்ச, உடல் முழுதும் எந்திரமாக்கப்பட்ட பெண்ணொருத்தியின் கதை. மோட்டோகோ குசனாகி என்னும் பெயரையும் நினைவையும் பறித்து, அவளை மீரா ஆக்குகிறது ஒரு நிறுவனம். அக்கொடுமையைச் சாடும் படமே அவளுக்கு ஸ்கார்லெட் ஜோஹான்சனின் முகத்தைப் பூட்டியது ஏன்? நடிகையின் திறமையை நாம் குறைகூறவில்லை. கதையில் நிறுவனம் செய்ததையே படமெடுத்தோரும் செய்தனர் என்பதே நம் வழக்கு.

1980களிலேயே சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் குடிமக்களின் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கும் அரசைக் காட்டிவிட்டார். உடனிருந்த மாணவருள் ஒருவரும் அந்நாவலை அறியார்! அதுவே நம்மை உறுத்தியது. நம்மிடமிருந்த படியைக் கொடுத்தோம், இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.