பித்தளையைத் துலக்கினால் வெள்ளியாகுமா?

பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். மைக்ரோடெர்மாப்ரேஷன். நம்மூர் பார்லர்களில் 'ஸ்கின் பாலிஷிங்' என்று விலைப்பட்டியலில் போட்டிருப்பார்களே, அதேதான். கல்யாண சீசன் வந்தால் மணப்பெண் பேக்கேஜுக்குள் ஃபேஷியல், மெகந்தியோடு இதையும் சேர்த்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு படம் ஒட்டியிருக்கும். ஒரே பெண்ணின் முகம். பாதி கறுப்பு, பாதி சிவப்பு. எனக்கு மெஷினோடு சண்டை இல்லை. அந்தப் படத்தோடுதான் சண்டை.

மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இந்த முறை 1985-ல் இத்தாலியில் உருவானது. அலுமினியம் ஆக்சைடின் பொடித் துகள்களைத் தோல்மீது பீய்ச்சி, உதிர்ந்த செல்களோடு சேர்த்து உடனே உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியம் ஆக்சைடு வேறு எங்கே இருக்கிறது தெரியுமா? தச்சர் மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாளில்! பிற்பாடு துகளுக்குப் பதில் வைரப்பொடி பதித்த முனை வந்தது. பெயர் பெரிதானாலும் வேலை ஒன்றுதான்: தேய்ப்பது.

எதைத் தேய்க்கிறது? தோலின் உச்சியில் இருக்கிற இறந்த செல்களின் அடுக்கை. முகத்தில் அது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதை எடுத்தால் முகம் மழமழவென்று ஆகும், பளிச்சென்று தெரியும், மேக்கப் திட்டுத் திட்டாக நிற்காமல் படியும். இதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தோல் சும்மா இருக்குமா? ஏறக்குறைய நான்கு வாரத்தில் கீழிருந்து புதுச் செல்கள் மேலே வந்து, இறந்து, பழைய அடுக்கு திரும்பிவிடும். 'தொடர்ந்து வரணும் மேடம்' என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

சரி, நிறம் எங்கே இருக்கிறது? மெலனினைத் தயாரிக்கிற செல்கள் மேல்தோலின் அடி வரிசையில் இருக்கின்றன. மெஷின் மொட்டைமாடியைப் பெருக்குகிறது. நிறம் தயாராவதோ கீழ்வீட்டில். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கும். அப்போதும் அது பித்தளைக் குடம்தான்.

'அதனால் என்ன, பணம்தானே போச்சு' என்பீர்கள். பணத்தோடு போனால் பரவாயில்லையே! நம் மாதிரி மாநிற, கறுப்புத் தோலில் எரிச்சலோ காயமோ பட்டால், அந்த இடத்தில் மெலனின் கூடிக் கருந்திட்டு விழும். பரு ஆறின இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கிறதே, அதே கதைதான். 'இன்னும் கொஞ்சம் கலர் வரட்டும்' என்று அழுத்தித் தேய்த்தால் இருந்த நிறமும் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகலாம். கன்னத்தில் விழும் மங்குக்கும் இதே ஆபத்து உண்டு. ஏற்கெனவே ஸ்டீராய்டு கலந்த கிரீம் பூசித் தோலை மெலிய வைத்துக்கொண்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2018-ல் மத்திய அரசு பதினாலு ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொன்னது சும்மா இல்லை.

ஆராய்ச்சி இருக்கிறதே என்று யாராவது வரலாம். இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், சொரசொரப்பான வைர முனையால் அழுத்தமாகத் தேய்த்தால் வெயிலில் பாழான தோலில் கொலாஜன் உற்பத்தி தூண்டப்படுவதைக் காட்டினார்கள். சுருக்கத்துக்கு அது நல்ல சேதிதான். மாநிறத்தைச் சிவப்பாக்கும் என்று அதில் எங்கே வருகிறது?

இதற்குப் பார்லர் அக்காக்களை மட்டும் திட்டுவது அநியாயம். பல இடங்களில் மெஷின் விற்றவர் காட்டிவிட்டுப் போனதுதான் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி. 'கஸ்டமர்தான் கேட்கிறாங்க' என்பார்கள். அதுவும் நிஜம். கேட்க வைத்தது யார்? 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆனது. பெண் பார்க்கப் போய் பஜ்ஜி தின்றுவிட்டு 'பொண்ணு கொஞ்சம் நிறம் மட்டு' என்று சொல்லிவிட்டு வருகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நம் வகுப்பு அண்ணன்மார்களும் உண்டு. முறைக்காதீர்கள் :-)

ஆனாலும் அக்கா, கருவி உங்கள் கையில். உட்கார வைக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறாய்? பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? பழுத்த பருவோ உதட்டோரக் கொப்புளமோ இருக்கிறதா? மங்கு இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். செய்து முடித்த பிறகு வெயிலில் போகாதே, சன்ஸ்கிரீன் போடு என்று சொல்லி அனுப்புங்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதல்முறையாகப் பரீட்சை பார்க்காதீர்கள். 'மழமழப்பாகும், நிறம் மாறாது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொண்டு வருகிறவர் திரும்பவும் உங்களிடம்தான் வருவார்.

தோழிகளே, நமக்கும் ஒன்று. அடுத்த வருடம் நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். பார்லரில் போய் உட்காருங்கள், தப்பே இல்லை. 'எவ்வளவு கலர் வரும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். நாம் கேட்பதை நிறுத்தினால் அந்தப் பாதிக் கறுப்பு, பாதிச் சிவப்புப் படத்தை ஒட்ட யாருக்கும் வேலை இருக்காது.