எந்த ஸ்திதியிலிருந்த உயிரணு?

அண்மைக் காலத்தில் எமது பரிசீலனைக்கு வந்த கட்டுரைகளிற் பல, காராவின் அல்லது நிடெல்லாவின் ஓய்வு மின்னழுத்தம் இத்தனை மில்லிவோல்ட் என ஒரே எண்ணைக் கூறிவிட்டு, அவ்வெண் எந்த ஸ்திதியிலிருந்த உயிரணுவில் எடுக்கப்பட்டதென்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகின்றன.

பல சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமும் கொண்டு, கண்ணுக்குத் தெரியும்படி நன்னீரில் வளரும் இப்பாசிகளின் கணுவிடை உயிரணு, எமது துறைக்கு வாய்த்த பெரும் பாக்கியம். அதன் சாற்றைத் தனியே பிரித்தெடுத்து ஹோக்லண்டும் டேவிஸும் 1923இல் பகுத்தாராய முடிந்ததும், ஊசிக்கணவாயின் நரம்பைத் தொடுவதற்கு ஓராண்டு முன்னர், 1938இல், கோலும் கர்ட்டிஸும் கிளர்ச்சியுற்ற நிடெல்லாவின் சவ்வில் மின்கடத்துதிறன் சுமார் இருநூறு மடங்கு உயர்வதையும், கொண்மம் பெரும்பாலும் மாறாதிருப்பதையும் காட்ட முடிந்ததும் அந்தப் பருமனால்தான். (நரம்பியல் பாடநூல்கள் இதைச் சொல்ல மறப்பது வேறு விஷயம்.) ஆயினும் நரம்பில் உட்புகும் சோடியம் செய்யும் வேலையை இங்கே வெளியேறும் குளோரைடு செய்கிறது, சைட்டோபிளாசத்தில் கால்சியம் உயர்வதும், அதனால் குளோரைடு வாயில்கள் திறப்பதும், பின்னர் பொட்டாசியம் வெளியேறிச் சவ்வு பழைய அழுத்தத்துக்கு மீள்வதுமாகிய இக்கிரமம் முடியச் சில விநாடிகள் ஆகின்றன, அதனிடையே சைட்டோபிளாசப் பிரவாகமும் நின்றுவிடுகிறது.

ஓய்வு நிலையின் கதை இதனினும் சிக்கலானது. நிடெல்லா டிரான்ஸ்லூசென்ஸை எடுத்துக்கொள்வோம். புறநீரில் பொட்டாசியம் 0.1 மில்லிமோலாக இருக்க, சைட்டோபிளாசத்தில் 119, நுண்குமிழியில் 75 என்பவை நூல்களில் வழங்கும் அளவுகள். பொட்டாசியம் ஒன்றே அழுத்தத்தை நிர்ணயிக்குமாயின் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி பிளாஸ்மாச் சவ்வில் -178 மில்லிவோல்ட் அளவே எதிர்பார்க்கலாம். ஆனால் காராவின் குடும்பத்து உயிரணுக்கள் நல்ல ஒளியில் -200ஐயும் கடந்து செல்வதுண்டு. இந்த மிகுதி, ஏடீபீயைச் செலவிட்டுப் புரோட்டான்களை வெளியேற்றும் பம்பினால் விளைவதென்ற சித்தாந்தம், 1968இல் கிட்டசாட்டோவும் 1972இல் ஸ்பான்ஸ்விக்கும் செய்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. எனவே ஒளியை அணைத்தால் அழுத்தம் மாறும். புறநீரில் பொட்டாசியத்தைப் போதிய அளவு உயர்த்தினால் பொட்டாசிய வாயில்கள் திறந்து, சவ்வு அந்த அயனியின் சமநிலையைப் பின்பற்றும். காரத்தன்மையை மிகுத்தாலோ, புரோட்டான் அல்லது ஹைட்ராக்சில் ஊடுருவல் மேலோங்கும் மூன்றாவது ஸ்திதி ஒன்று தோன்றும். இவற்றுள் எது ‘ஓய்வு’ என்று கேட்டால், எவ்வித விடையும் பாரபட்சமாகவே முடியும்.

மேலும், ஒளியிலுள்ள உயிரணு தன் நீளத்தில்கூட ஒருபடித்தானதன்று. புரோட்டான் வெளியேறும் அமிலப் பட்டைகளும், பீஎச் 9ஐத் தாண்டும் காரப் பட்டைகளும் மாறிமாறி அமைய, அவற்றிடையே மின்னோட்டம் சுழல்கிறது. காரப் பட்டைகளில் கால்சியம் கார்பனேட் படிவதால், தண்டின்மீது வெண்வளையங்களாக அவற்றை வெறுங்கண்ணாலேயே காணும் சந்தர்ப்பமும் உண்டு. அமிலப் பட்டையில் அளந்ததையும் காரப் பட்டையில் அளந்ததையும் கூட்டிச் சராசரி எடுப்பவர், எங்கும் இல்லாத ஓர் உயிரணுவின் சராசரியைப் பெறுகிறார்.

ஆகவே இனிவரும் கட்டுரைகளில் புறநீரின் முழு அயனிக் கலவை, பீஎச், ஒளியின் அளவு, அண்டை உயிரணுக்களிலிருந்து வெட்டிப் பிரித்த பின் கழிந்த காலம், அளவெடுத்த பட்டை ஆகியவை தெளிவாகக் குறிக்கப்படவேண்டும். மின்முனையின் நுனி நுண்குமிழியில் இருந்ததா, சைட்டோபிளாசத்தில் இருந்ததா என்பதையும் சொல்லவேண்டும். ஏனெனில் முன்னதில் கிடைப்பது பிளாஸ்மாச் சவ்வும் டோனோபிளாஸ்டும் தொடராகச் சேர்ந்த அழுத்தமாகும். சைட்டோபிளாசத்தின் மெல்லிய படலத்தில் நுனியை நிறுத்துவது எவ்வளவு கடினமென்பதை அறிந்தவர்களாதலின், நுண்குமிழியில் எடுத்த அளவுகளை யாம் நிராகரிக்கப்போவதில்லை; அவை அவ்வாறு எடுக்கப்பட்டவை என்ற ஒரு வரி இருந்தால் போதும்.