உடைந்ததா, உடைத்ததா?

கண்ணாடி உடையும் ஓசை கேட்டதும் நம் வாயில் எழும் முதல் வினா, "யார் உடைத்தது?" என்பதே. "ஏன் உடைந்தது?" என்று கேட்பவர் மிக அரியர். 'உடைந்தது' தன்வினை என்றும் 'உடைத்தது' பிறவினை என்றும் மாணவருக்கு இலக்கணம் படிப்பிக்கும் நாமே, வகுப்பறைக்கு வெளியே எல்லாவற்றையும் பிறவினையாக்கிக் குற்றவாளியைத் தேடப் புறப்பட்டுவிடுகிறோம்.

இத்தவற்றை நானும் செய்தவன். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன் பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு மணம் ஊட்டுவது அக்காற்றே. பகலில் வெயில் சுடும். இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். அத்தகைய ஒரு நாளில் எங்கள் வகுப்பறை யன்னற் கண்ணாடி ஒன்று மூலையிலிருந்து நீளமாகக் கீறல் கண்டிருந்தது. வெளியே பந்தோடு நின்ற சிறுவன்மீது பழி விழுந்தது. "நான் இல்லீங்க சேர்" என்று அவன் அழுதான். நான் பிரம்பை எடுத்தேன். கண்ணாடிக்கான பணத்தையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று பின்னர் அறிந்தேன்.

மறு ஆண்டு விடுமுறையில், பந்தும் சிறுவரும் இல்லாத வேளையில், அதே சட்டத்தில் பொருத்திய புதிய கண்ணாடியும் அதே மூலையிலிருந்து கீறல் கண்டது. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். துருவேறிப் பருத்த ஆணி ஒன்று கண்ணாடியின் விளிம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கியதே கண்ணாடியைப் பற்றிய என் தேடல். கண்ணாடியைச் சாதாரண கண்ணாடி என்று இகழ்ந்துவிட முடியாது. இங்கிலாந்தின் ஃபாண்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கிரிபித் என்னும் அறிஞர் 1921இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடித்த கண்ணாடி இழையைவிட, அதில் முந்நூற்றில் ஒரு பங்கே தடித்த மெல்லிழை, அதே பரப்பளவுக்குச் சுமார் 20 மடங்கு இழுவையைத் தாங்கியது. காரணம் யாது? சாதாரண கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்கள் உள்ளன. இழுக்கும் விசை முழுவதும் அக்கீறலின் நுனியில் வந்து குவிகிறது. மெல்லிழையிலோ பெரிய கீறலுக்கு இடமில்லை. காற்றின் ஈரமும் கீறலின் நுனியில் புகுந்து அதனை மெல்ல மெல்ல வளர்க்கும். நேற்றுப் பட்ட காயத்தால் இன்று, எவரும் தொடாமலே, போத்தல் வெடிப்பதும் உண்டு.

கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தடித்த கிளாசில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் உட்புறம் விரிகிறது, வெளிப்புறம் குளிர்ந்தபடியே நின்று இழுபடுகிறது, வெடிக்கிறது. எரியும் அரிக்கன் லாம்பின் சிமினியில் மழைத்துளி பட்டால், பட்ட இடம் மட்டும் சுருங்கி அவ்வாறே கீறல் விடுகிறது. வெயிலில் யன்னற் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும்போது, சட்டத்துள் மறைந்த விளிம்பு குளிர்ந்திருந்து இழுபடுகிறது. அவ்விளிம்பில் ஒரு சிறு காயம் இருந்தாலே போதும். எங்கள் யன்னலுக்கு ஆணியும் ஊவாவின் வெயிலும் சேர்ந்து செய்தது இதுவே.

இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. பந்தோ கல்லோ பட்ட கண்ணாடியில், பட்ட இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போலக் கீறல்கள் பரவும். வெப்பத்தாலும் நெரிசலாலும் உடைந்ததிலோ கீறல் விளிம்பிலிருந்தே புறப்படும், நட்சத்திரம் இராது. கல் எப்பக்கமிருந்து வந்தது என்பதைக்கூடத் துண்டுகள் சொல்லும். நட்சத்திரக் கீறல்கள் அடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே தொடங்குகின்றன. உடைந்த ஓரத்தில் தெரியும் வளைகோடுகள் அவ்வெதிர்ப்பக்கத்தைச் செங்குத்தாகச் சந்திக்கும். எது வெளிப்பக்கம் என்பதைப் படிந்த தூசியும் வண்ணமும் காட்டிவிடும். குற்றவியல் ஆய்வாளர் கைக்கொள்ளும் முறை இது. அன்று எங்கள் யன்னலில் நட்சத்திரம் இருக்கவில்லை. பார்க்கக் கண் இருந்தும் நான் பார்க்கவில்லை.

சரியான கேள்வி எத்தகைய பயனைத் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மின்சாரம் எட்டாத லயங்களிலும் கிராமங்களிலும் வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் இட்டுக் குப்பி விளக்காக எரித்தனர். அது சரிந்து உடையும், எண்ணெய் சிந்தும், சேலையில் தீப்பற்றும். "யார் தட்டிவிட்டது?" என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளை ஏசினார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர கேட்டதோ, "விளக்கு ஏன் சரிகிறது? ஏன் உடைகிறது?" என்ற கேள்வி. விடையாக வந்தது 'சுதீபா' விளக்கு. குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, உருளாதபடி தட்டையான பக்கங்கள், எண்ணெய் சிந்தாதபடி திருகி மூடும் உலோக மூடி, இவ்வளவுதான். இப்பணிக்காக 1998இல் அவர் றோலெக்ஸ் விருது பெற்றார். பிள்ளையைத் திருத்த முயன்றவர்கள் விபத்தைத் தடுக்கவில்லை. போத்தலைத் திருத்தியவரே தடுத்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உடைந்த கண்ணாடியை உடனே கூட்டி எறியாதீர்கள். கையைக் கிழிக்காதபடி துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்து, மாணவர்களை அழைத்துக் காட்டுங்கள். கீறல் எங்கே தொடங்கிற்று என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். செலவில்லாத விஞ்ஞான பாடம் அது. ஒருவன் உடைத்ததாகவே முடிவு வந்தாலும், அது விசாரித்த பின் வந்த முடிவாக இருக்கும். கடைசியாகத் தொட்டவனே காரணன் என்ற எண்ணம் தோட்டத்துப் பிள்ளைகளை நெடுங்காலம் வருத்தியிருக்கிறது. கண்ணாடிக்கு நாங்கள் கேட்ட பணம் அன்று வந்து சேரவில்லை. அந்தச் சிறுவனுக்கு நான் செலுத்த வேண்டிய கடனும் இன்றுவரை தீரவில்லை.