யார் உடம்பில் யாருக்குப் படிப்பு?

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மருத்துவம் படிக்கிறவர்களுக்குக் கடைசி ஆண்டுகளில் ஆறு வாரம், எட்டு வாரம் 'எலெக்டிவ்' என்று விடுகிறார்கள். உலகத்தின் எந்த மூலைக்கும் போய் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வரலாம். வேலூர் சி.எம்.சி.க்குப் பல ஆண்டுகளாக வருகிறார்கள், சென்னைக்கும் வருகிறார்கள். நர்சிங், பிசியோதெரபி மாணவர்களும் உண்டு. கூட்டிவருவதற்கென்றே தரகுக் கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. நகரத்தில் இத்தனை வாரம், கிராமத்தில் இத்தனை வாரம் என்று பட்டியல் போட்டு, பவுண்டிலும் டாலரிலும் வசூல் நடக்கிறது.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவதில் நமக்கு வழக்கு ஏதும் இல்லை. வரட்டும், பார்க்கட்டும். இந்தப் போக்குவரத்தில் நம்ம சனங்க எங்கே இருக்காங்க என்பதுதான் கேள்வி. கட்டிலில் படுத்திருக்கிறார்கள். வேறெங்கும் அவர்களைக் காணோம்.

கோபாலபுரத்தில் நின்று பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை. 1911இல் தொடங்கியது, இப்போது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளின் வார்டுகளை நிரப்புகிறவர்கள் சுற்றியிருக்கும் குடிசைகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இருக்கிறவர்கள். அவர்களிலும் பலரை 2000த்துக்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூக்கிப்போட்டாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வர பஸ் மாறி மாறி வரவேண்டும். கோபாலபுரம், மயிலாப்பூர் வகையறா பங்களாக்களில் மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கோ எலெக்டிவ் வேறு திசையில் இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு மாதம், ஆயிரக்கணக்கில் டாலர். அங்கே ஒரு பெரிய டாக்டர் கொடுக்கிற சிபாரிசுக் கடிதம் பிற்பாடு ரெசிடென்சிக்கு உதவும். ஆக, அங்கிருந்து வருகிறவர் நம் உடம்பில் கற்கிறார், இங்கிருந்து போகிறவரும் முதலில் நம் உடம்பில் கற்றுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்.

இதே இராயப்பேட்டையில்தான் அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம்மவர் வைத்தியராக இருந்து நாடி பிடித்த தெருக்கள் இவை. தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் நம் அரசுகளுக்கு எப்போதும் தாராளம்தான்.

உலகம் நம் சேரிகளிடமிருந்து கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து சென்னையில் காசநோய் மையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை தாங்கினார். சானட்டோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்திருந்தவர்களும், நெருக்கடியான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை தின்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959இல் வெளியிட்டார்கள். மேலைநாடுகளில் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். காசநோய் வரலாற்றில் 'மெட்ராஸ் ஸ்டடி' என்று அதற்குத் தனி இடம். ஃபாக்ஸ் பெயர் நிற்கிறது. மாத்திரை தின்றவர்கள் பெயர்? அவர்கள் 'ஏழை நோயாளிகள்'. அந்த வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளை டாக்டருக்குப் படித்தது என்று கேட்கிற பழக்கம் எந்த ஆராய்ச்சிக்கும் இல்லை.

கிராம வாரத்துக்கு வருவோம். பட்டியலில் 'கிராமம்' என்று ஒற்றைச் சொல்லில் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கிராமம் என்று ஒன்று கிடையாது தோழர்களே, ஊர் உண்டு, சேரி உண்டு. துணை சுகாதார நிலையம் எதில் கட்டப்பட்டது, விருந்தாளி மாணவர் யார் வீட்டில் சாப்பிட்டார், யார் வீட்டு வாசலோடு திரும்பினார் என்று கேட்டால்தான் கிராமம் புரியும். சாதியைச் சொல்லிக்கொடுக்காத பேராசிரியர் ரத்தசோகையை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், அந்தப் பிள்ளை 'கலாச்சாரம்' என்று குறிப்பெழுதிக்கொண்டு ஊர் போய்ச் சேரும்.

நம்ம ஊர் மேட்டுக்குடி கிராமத்தை எப்படிப் பார்க்கிறது என்பது 2007இலேயே தெரிந்துபோனது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஓராண்டு கட்டாயக் கிராம சேவை என்று சொன்னார். தெருவுக்கு வந்துவிட்டார்கள். நிரந்தர வேலை போடாமல் மலிவுக் கூலிக்கு எங்களைத் தள்ளுகிறாயா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் கிராமம் என்றால் தண்டனை என்கிற தொனியும் இருந்தது. அங்கே ஒருத்தன் காசு கட்டி வருகிறான், இங்கே ஒருத்தன் காசு கட்டித் தப்பிக்கிறான்.

வார்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பாடம் நடத்தும்போது கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். நோயாளிப் பெண்ணின் சேலையை விலக்குகிறார்கள், வயிற்றை அமுக்குகிறார்கள், பேச்சு முழுக்க இங்கிலீஷில். "இவங்க வெளிநாட்டிலிருந்து படிக்க வந்திருக்காங்கம்மா, உங்களைப் பார்க்கலாமா?" என்று தமிழில் கேட்க அரை நிமிஷம் போதும். யாரு கேக்குறா? வேண்டாம் என்று சொன்னால் வைத்தியம் நின்றுவிடுமோ என்று அந்தம்மாவும் வாயைத் திறப்பதில்லை. தொடாமல் ஒதுக்கினதும் இந்த உடம்பைத்தான், கேட்காமல் தொடுவதும் இந்த உடம்பைத்தான்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினாள். 2017இல் நீட் அவளை வாசலிலேயே நிறுத்திக் கொன்றது. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட நம் பிள்ளைகள் கதையும் பாதியில் நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் பட்டம் முடித்தவர்களுக்கே. எம்.பி.பி.எஸ்., நர்சிங் படிக்கிற பிள்ளை ஆறு வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியைப் பார்த்துவர இரண்டிலும் வழியில்லை.

2010இல் கலைஞர் தன் கோபாலபுரம் வீட்டை, தனக்கும் துணைவியாருக்கும் பிறகு ஏழைகளுக்கு இலவச மருத்துவமனையாக்க தானம் எழுதினார். நல்ல காரியம். ஏழைக்குக் கட்டில் கொடுப்பதில் திராவிட இயக்கத்துக்குப் பெருமை உண்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு அந்த வாசலில் யார் நிற்கப்போகிறார்கள் என்பதையும் இப்போதே பேச வேண்டும்.

நாம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஒரு வெளிநாட்டு மாணவரை ஏற்கிற கல்லூரி, அதே செலவில்லாத் தகுதியோடு இங்கிருந்து ஒரு தலித், பழங்குடி மாணவரை அனுப்ப அந்தப் பல்கலைக்கழகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போடட்டும். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே போகட்டும். நோயாளியிடம் தமிழில் அனுமதி கேட்காத பாடம் வேண்டாம்.

மாணவத் தோழர்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதைத் தொடங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி: கடந்த ஐந்தாண்டில் எத்தனை வெளிநாட்டு மாணவர் வந்தார்கள், எவ்வளவு கட்டணம், அந்தப் பணம் எந்தக் கணக்கில் போனது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.