சால்ட் ஒன்றானால் மாத்திரையும் ஒன்றா?

புணே அருகே சாகண் கார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் ஊரில் தொடங்கிய மாத்திரையை இங்கே வந்து தொடர்கிறார்கள். அதே கம்பெனி மாத்திரை கிடைக்காவிட்டால் மெடிக்கல் கடையில் வருவது ஒரே பதில்தான்: “சால்ட் ஒன்றுதான், கம்பெனிதான் வேறு.” சால்ட் என்பது மாத்திரையில் உள்ள மருந்துப்பொருள். இந்தியா முழுக்க நம்பப்படும் இந்த வாதம் பாதிதான் உண்மை.

மாத்திரையில் மருந்து தவிர மற்றதெல்லாம், அதாவது துணைப்பொருள்கள், வெறும் மாவு, எந்த வேலையும் செய்யாது என்பது இதன் முதல் தூண். ஆனால் 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஃபெனிடாயின் சாப்பிட்டுவந்த வலிப்பு நோயாளிகள் பலர் தள்ளாடி நடக்க ஆரம்பித்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. கேப்ஸ்யூலை நிரப்பப் பயன்பட்ட கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டிருந்தார்கள். கால்சியம் சல்பேட் அதுவரை மருந்தின் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுத்துவந்தது; தடை நீங்கியதும் இரத்தத்தில் ஃபெனிடாயின் நஞ்சாகும் அளவுக்கு ஏறியது. ஈரல் இந்த மருந்தை ஓரளவுக்கு மேல் வேகமாகச் சிதைக்க முடியாது. அதனால் உறிஞ்சல் சற்றே கூடினாலும் இரத்த அளவு அதைவிட அதிகமாகத் தாவும். வெறும் மாவு செய்த வேலை இது.

சரி, மருந்து கரைந்துவிட்டால் பிரச்சினை முடிந்ததே என்பார்கள். நன்றாகக் கரையும் மருந்துகளில்தான் சிக்கல் இன்னும் நுட்பமானது. குடல் சுவரை எளிதில் கடக்காத மருந்துக்குச் சிறுகுடலில் தங்கும் நேரம் முக்கியம். மானிட்டால், சார்பிட்டால் போன்ற இனிப்புகளைக் குடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து உள்ளிருப்பதை விரைவாகத் தள்ளிவிடுகின்றன. சர்க்கரைக்குப் பதில் சுமார் 2.3 கிராம் மானிட்டால் சேர்த்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை குறைவாகவே உறிஞ்சப்பட்டது என்று 1995-ல் வெளியான ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி. மருந்தான லாமிவுடினின் கதை இதைவிடக் கவலை தருவது. 3.2, 10.2, 13.4 கிராம் சார்பிட்டாலுடன் கொடுத்தபோது உடலில் சேர்ந்த மருந்து முறையே 14, 32, 36 சதவீதம் குறைந்தது. பெரியவர்களிடம் செய்த சோதனை அது. ஆனால் சார்பிட்டால் கலந்த சிரப்புகளை அதிகம் குடிப்பவர்கள் குழந்தைகள். மருந்து குறைந்தால் வைரஸ் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்பதை மறந்துவிட முடியாது.

அரசு சோதித்துத்தானே அனுமதிக்கிறது என்பது மூன்றாவது வாதம். கரைதிறனையும் குடலைக் கடக்கும் திறனையும் வைத்து மருந்துகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கும் முறையை 1995-ல் கோர்டன் அமிடனும் சக ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். அதை ஒட்டி இந்திய அரசு 2017 ஏப்ரலில் விதியைத் திருத்தி, எளிதில் கரையாத 2, 4-ஆம் வகுப்பு வாய்வழி மருந்துகளுக்கு இரத்த அளவை ஒப்பிடும் சோதனையைக் கட்டாயமாக்கியது. நல்ல நடவடிக்கை. ஆனால் எளிதில் கரைந்தும் குடலை எளிதில் கடக்காத 3-ஆம் வகுப்பு அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை. சிமெட்டிடின் இந்த வகுப்புதான். துணைப்பொருள் குறுக்கிட அதிக வாய்ப்புள்ள இடமே விடுபட்டிருக்கிறது. 2019-ல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், 3-ஆம் வகுப்பு மருந்துக்குச் சோதனையிலிருந்து விலக்கு வேண்டுமானால் துணைப்பொருள்கள் ஒன்றாகவும் அவற்றின் அளவு ஏறக்குறையச் சமமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கண்டிப்பு நம் விதியிலும் எழுதப்பட வேண்டும்.

இதைக் கேட்டு ஜெனரிக் மருந்தே வேண்டாம் என்று யாரும் ஓட வேண்டாம். வழக்கமான துணைப்பொருள்களில் பெரும்பாலானவை உறிஞ்சலைப் பாதிப்பதில்லை என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. விலை உயர்ந்த பிராண்டும் உத்தரவாதம் தராது: 2017-ல் பிரான்சில் ஒரு தைராய்டு பிராண்ட் அதே பெயரில் லாக்டோஸை விட்டு மானிட்டாலுக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் மாறியபோது ஆயிரக்கணக்கானோர் உடல்நலக் கோளாறுகளைப் புகார் செய்தார்கள். காரணம் பற்றிய விவாதம் நீண்டது.

காய்ச்சல் மாத்திரையில் கம்பெனி மாறினால் கவலையில்லை. வலிப்பு, தைராய்டு, எச்.ஐ.வி., உறுப்பு மாற்று மருந்து சாப்பிடுபவர்கள் ஊர் மாறும்போது பழைய மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், அதே தயாரிப்பைக் கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் மருத்துவரிடம் சொல்லி, தேவையான இரத்தப் பரிசோதனையை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.