பெயர் சொல்ல ஒரு பெரியப்பா வேண்டும்!

களமருதூரில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியாகிவிட்டது. உறையின்மேல் பெயர் எழுதவேண்டும். 600 பத்திரிகை, 600 பெயர். வீட்டில் கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். பக்கத்தில் பெரியப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார். ராத்திரி 12 மணி ஆகிறது. பிள்ளைக்குக் கை வலிக்கிறது. பெரியப்பாவுக்குக் கொட்டாவி வருகிறது.

பத்திரிகை ஒன்றுதான். பெயர்தான் 600.

இந்த வேலையைத்தான் இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. இதற்கு ‘மெயில் மெர்ஜ்’ என்று பெயர். பள்ளிக்கூடம், பாங்கு, சங்கம், கம்பெனி, சர்க்கார் ஆபீஸ் - எல்லா இடத்திலும் இது வந்துவிட்டது. கை வலி போய்விட்டது. நல்லதுதான்!

ஆனால், பிள்ளையைத் தூங்கச் சொன்னவர்கள் பெரியப்பாவையும் சேர்த்துத் தூங்கச் சொல்லிவிட்டார்கள். அதுதான் தப்பு.

எப்படி நடக்கிறது?

‘மெயில் மெர்ஜ்’ புதிய சங்கதி அல்ல. 1980-களில் ‘வேர்ட்ஸ்டார்’ என்று ஒரு எழுத்து வேலைப் புரோகிராம் இருந்தது. அதனோடு சேர்ந்து வந்த புரோகிராமுக்கே ‘மெயில்மெர்ஜ்’ என்றுதான் பெயர். இன்று பெரும்பாலும் ‘வேர்டு’ என்ற புரோகிராமில் செய்கிறார்கள்.

இதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, கடிதம். இன்னொன்று, பட்டியல்.

கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருக்கும். பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு ஆள். அவர் பெயர், ஊர், ஈமெயில் முகவரி எல்லாம் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கும். பொத்தானை அமுக்கினால், முதல் வரியில் இருப்பவர் பெயர் காலி இடத்தில் போய் உட்காரும். ஒரு கடிதம் தயார். பிறகு இரண்டாவது வரி. பிறகு மூன்றாவது. 600 கடிதமும் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் ‘மேக்ரோ’ எதற்கு?

வேர்டு தானாகவே ஈமெயில் அனுப்பும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. கடிதத்தோடு வேறு காகிதம் எதையும் இணைத்து அனுப்பாது. மார்க் பட்டியலை இணைக்கவேண்டும், ரசீதை இணைக்கவேண்டும் என்றால் கையை விரித்துவிடும். மேலே எழுதும் பொருள் வரியும் எல்லோருக்கும் ஒன்றாகவே போகும்.

அங்கேதான் மேக்ரோ வருகிறது. மேக்ரோ என்பது கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கும் உத்தரவுச் சீட்டு. “முதல் வரியை எடு. கடிதத்தில் பெயரைப் போடு. அவருடைய ரசீதைத் தேடி இணை. அனுப்பு. அடுத்த வரிக்குப் போ” என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். பட்டியல் தீரும்வரை அது நிற்காது. சோறு கேட்காது. லீவு கேட்காது. (புதிதாக வரும் ‘அவுட்லுக்’ புரோகிராம் இந்தச் சீட்டை ஏற்பதில்லை. பழையதில்தான் ஓடும்.)

நிற்காது என்று சொன்னோம் அல்லவா? அதுதான் அதன் பலம். அதுதான் அதன் ஆபத்தும்!

ஒரு கடிதம், 245 பேர்

“இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லோருடைய முகவரியையும் ஒரே கடிதத்தில் வரிசையாகப் போட்டு அனுப்பிவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்பார்கள்.

அதற்குப் பதில் லண்டனில் இருக்கிறது.

2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான் தாலிபான் கையில் விழுந்தது. பிரிட்டிஷ் படைக்கு உதவி செய்த ஆப்கானியர் பலர் அங்கே உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகம் 2021 செப்டம்பர் 20-ந்தேதி ஒரு ஈமெயில் அனுப்பியது. 245 பேருடைய முகவரியும் ஒரே கடிதத்தின் தலையில், எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அவர்களில் 55 பேருடைய படமும் கூடவே தெரிந்தது.

ஒளிந்திருப்பவர் பட்டியலை ஒளிந்திருப்பவர்களிடமே கொடுத்தது போல ஆயிற்று. அந்தப் பட்டியல் தாலிபான் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நாட்டின் தகவல் ஆணையர், அமைச்சகத்துக்கு 3½ லட்சம் பவுன் அபராதம் போட்டார். அது 2023 டிசம்பரில்.

ஆளுக்கு ஒரு கடிதமாகப் போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. மெயில் மெர்ஜின் பெரிய நன்மை இதுதான். நேரம் மிச்சமாவது இரண்டாம் பட்சம். கடன் பாக்கிக் கடிதமோ, ஆஸ்பத்திரிக் கடிதமோ, அடுத்த வீட்டுக்காரருக்கு அது தெரியவேண்டிய அவசியம் என்ன?

ஒரு வீடு, மூன்று மாவட்டம்

நன்மை அப்படி. இனி, பட்டியலில் வரும் வம்பைப் பாருங்கள்.

களமருதூரில் ஒரு பழைய வீடு. அந்த வீடு ஒரு அடிகூட நகரவில்லை. ஆனால் 1993 செப்டம்பர் வரை அது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டார்!

கையால் எழுதும் காலமாக இருந்தால், ஆயிரம் உறையிலும் மாவட்டத்தின் பெயரை அடித்து எழுதவேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை. “விழுப்புரம் என்று இருக்கும் இடத்தில் எல்லாம் கள்ளக்குறிச்சி என்று போடு” என்றால் போட்டுவிடும்.

போட்டது சரியா? அங்கேதான் கோளாறு. விழுப்புரம் மாவட்டம் முழுவதும் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடவில்லை. உளுந்தூர்பேட்டை வந்தது. சங்கராபுரம் வந்தது. கல்வராயன்மலை வந்தது. திண்டிவனமும் செஞ்சியும் பழைய மாவட்டத்திலேயே நின்றன. கம்ப்யூட்டருக்கு இது தெரியுமா? தெரியாது. திண்டிவனத்துக்காரரையும் இழுத்து வந்து கள்ளக்குறிச்சியில் போட்டுவிடும். விழுப்புரம் டவுனில் குடியிருப்பவருக்கு ஊர்ப் பெயரே மாறிவிடும்!

முகவரி தப்பினால் கடிதம்தான் திரும்பும். இன்னொரு தப்பு உண்டு. அது வயிற்றில் அடிக்கும்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு அதிகம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு பதிவு செய்த விவசாயி, ‘வெட்டு உத்தரவு’க்காகக் காத்திருப்பார். எந்தத் தேதியில் வெட்டலாம் என்று சொல்லும் உத்தரவு அது. எல்லோருக்கும் ஒரே வாசகம். பெயர், நிலம், தேதி - இவை மட்டும் வேறு. மெயில் மெர்ஜுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை!

ஒரு பேச்சுக்குச் சொல்வோம். இப்படி ஒரு பட்டியலை வைத்திருப்பவர் பெயர்களை அகர வரிசையில் அடுக்க நினைக்கிறார். “பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து நகர்த்தட்டுமா?” என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் “வேண்டாம்” என்று அமுக்கிவிட்டால் தீர்ந்தது. பெயர்கள் நகரும், தேதிகள் நகராது. முத்துவின் தேதி ராமனுக்கும், ராமனின் தேதி வேலுவுக்கும் போய்விடும். மேக்ரோ ஒரு பிழையும் சொல்லாது. எல்லாக் கடிதமும் அழகாக, எழுத்துப் பிசகாமல் போய்ச் சேரும். வேலு விளையாத கரும்பை வெட்டிப் போடுவார். விளைந்த கரும்பு ராமன் காட்டில் காய்ந்து எடை குறையும்.

கையால் எழுதுகிறவர் தப்புச் செய்தால் ஒரு கடிதம் கெடும். மேக்ரோ தப்புச் செய்தால் ஒரு ஊரே கெடும்.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய பட்டியல்கள் பல, பழைய எழுத்துருவில் அடித்தவை. அனுப்புகிறவர் திரையில் அழகான தமிழ். வாங்குகிறவர் போனில் ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்! பட்டியலை யூனிகோடு எழுத்துக்கு மாற்றினால் இந்தத் தொல்லை தீரும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பீரோவில் கிடக்கும் பழைய பட்டியலுக்கு அது இன்னும் தெரியவில்லை.

இரவல் மேக்ரோ

மேக்ரோ எழுத எல்லோருக்கும் தெரியாது. “யாரோ எழுதியது இருக்கிறது, வாங்கி ஓட்டுவோம்” என்று தோன்றும். வேண்டாம்!

1999 மார்ச் 26-ந்தேதி ‘மெலிசா’ என்று ஒரு மேக்ரோ கிளம்பியது. அது ஒரு வேர்டு கடிதத்துக்குள் ஒளிந்திருந்தது. கடிதத்தைத் திறந்தவுடன், திறந்தவருடைய முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அனுப்புவது யார் என்ற இடத்தில், திறந்தவர் பெயரையே போட்டது. தெரிந்தவர் பெயரைப் பார்த்தால் யார்தான் திறக்கமாட்டார்கள்? 50 பேர் திறந்தால் 2,500 பேர். பெரிய பெரிய கம்பெனிகளின் தபால் கம்ப்யூட்டர்களே திணறிப்போயின. அதைச் செய்த டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்கருக்கு 2002-ல் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பெயரைப் போட்டு ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்புவது! மெலிசா செய்ததும் மெயில் மெர்ஜ்தான். கத்தி ஒன்று, பிடித்த கை வேறு. இதனால்தான் இன்டர்நெட்டில் இருந்து வரும் கடிதங்களில் மேக்ரோ ஓடாதபடி, மைக்ரோசாப்ட் கம்பெனி 2022-ல் பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டை உடைத்து இரவல் மேக்ரோ ஓட்டுவது, முகம் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

பதில் சொல்ல ஆள்

2023 செப்டம்பர் 15-ந்தேதி தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ரூ.1,000. விண்ணப்பம் போட்டும் கிடைக்காதவர்கள் பல லட்சம். அவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது. அத்தனை பேருக்கும் கையால் எழுத முடியுமா? கம்ப்யூட்டர்தான் அனுப்பவேண்டும். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு வழி வைத்தார்கள்.

அந்த வழிதான் முக்கியம். “இல்லை” என்று சொல்லும் கடிதத்தைக் கம்ப்யூட்டர் அனுப்பலாம். “ஏன் இல்லை?” என்று கேட்டால் பதில் சொல்ல மனிதர் இருக்கவேண்டும். “இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள்” என்று கீழே போட்டுவிட்டு, மேலே “அன்புள்ள” என்று தொடங்குவது என்ன அன்பு?

பெரியப்பா எங்கே?

ஆகவே, மேக்ரோவை ஓடவிடும் முன்பு நிறுத்தவேண்டிய இடம் ஒன்று உண்டு. முதலில் ஐந்தாறு கடிதத்தைத் தன் முகவரிக்கே அனுப்பிப் படித்துப் பார்க்கவேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் போகாது. 600 பேர் இருந்தால் இரண்டு நாளாகப் பிரிக்கவேண்டும். பாதியில் நின்றால், யாருக்குப் போயிற்று, யாருக்குப் போகவில்லை என்று அதுவாகச் சொல்லாது. போனவர் பெயருக்கு நேரே தேதி குறிக்கும்படி மேக்ரோவிலேயே ஒரு வரி சேர்ப்பது நல்லது.

இதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் வேலை. மற்றொரு வேலை இருக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டாம்.

பட்டியலை யாராவது வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஊர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். சங்கமானால் பழைய காரியதரிசி. பள்ளிக்கூடமானால் 20 வருஷமாக இருக்கும் வாத்தியார். கல்யாண வீடானால் பெரியப்பா. 600 பெயருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே!

பேத்தி போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே போகிறாள். “திரு. கோவிந்தன், திருமதி. கோவிந்தன்...”

“நிறுத்தும்மா” என்கிறார் பெரியவர். “கோவிந்தன் போன தை மாசமே போய்ச் சேர்ந்துட்டானே! அந்தம்மா பெயரை மட்டும் போடு. அந்தம்மாவுக்குப் பெயர் இல்லையா? சரோஜான்னு எழுது. பத்திரிகையை நீ அனுப்பவேண்டாம். நானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.”

பேத்தி அந்த வரியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, அடுத்த பெயரைப் படிக்கிறாள்.